யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி: சில வரலாற்றுச் சிந்தனைகள்

யாழ்ப்பாணக் கோட்டையின் முன்னுள்ள முற்றவெளியில் நின்று நாற்புறமும் நோக்குபவர்க்கு, இப்பகுதியின் ஆங்கிலக் கல்வி வரலாறு படம் விரித்தாற் போலத் தோற்றும். வெளியின் ஓரத்திலேயே மெதடிஸ்த மிசனார் தொடக்கிய மத்திய கல்லூரி நிற்கின்றது. கிழக்கே சிறிது சென்றாற் கத்தோலிக்கரின் சம்பத்திரிசியார் கல்லூரி. அதற்கும் அப்பாற் சுண்டிக்குழியில் அங்கிலிக்கன் திருச்சபையாரின் பரியோவான் கல்லூரி. பட்டினத்தை விட்டு வடமேற்கே சில கட்டை தூரம் போனால் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனாரின் யாழ்ப்பாணக் கல்லூரி. பெயர்கள் காலந்தோறும் மாறினவாயினும், இந்நான்கு கல்விச்சாலைகளும் 1890ஆம் ஆண்டுக்கு முன்னரே வேரூன்றி விட்டன. நாம் கூறப் புகுந்த கல்லூரி இவற்றுள் ஒன்றன்று. அது பட்டினத்தின் வடபுறத்தே, காங்கேசன்துறை வீதியை அண்டி, வண்ணார்பண்ணையில் எழுந்தது. அதனை எழுப்பியது எந்த மிசனுமன்று. தனிப்பெருஞ் செல்வர் ஒருவருமல்லர். ஊரவர் கூடி எழுப்பியது அது.

நாமோ மிசன் பாடசாலை ஒன்றிற் படித்தவர். காலையிற் கிறித்தவப் பிரார்த்தனைக்கு எழுந்து நின்று, மாலையிற் கோயிலிலே தேவாரம் பாடி வளர்ந்த எம்போன்றோர் யாழ்ப்பாணத்திற் பல்லாயிரவர். ஆகவே இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் சூட்டும் புகழ்மாலையை எம்மிடம் எதிர்பார்த்தல் ஆகாது. ஆனால் வெளியே நின்று பார்ப்பவர்க்குச் சில தெளிவாகத் தெரியும். மிசன் பாடசாலைக்கு மறுமொழியாக எழுந்த ஒரு கல்லூரி, அந்த மிசன் பாடசாலையிடமிருந்தே எவ்வளவு கடன் கொண்டது? கொண்ட பின், தனக்கென்று எதனை வைத்துக்கொண்டது? இவ்விரு வினாக்களையும் மனத்திலிருத்தியே இதனை எழுதுகின்றோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆங்கிலங் கற்றவனுக்குக் கச்சேரியிலும் நீதிமன்றிலும் உத்தியோகங் கிடைத்தது. அந்த ஆங்கிலத்தைக் கற்பித்தவர் பாதிரிமார். 1823இல் அமெரிக்க மிசனார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. கணிதமும் வானசாத்திரமும் தருக்கமும் அங்கே உயர்ந்த முறையிற் கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலை 1857இல் முதன்முதல் நடத்திய பட்டப் பரீட்சையிற் சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்களே. இவ்வளவும் நன்றி கூறத்தக்கனவே. ஆயினும் அக்கல்விக்கு ஒரு விலை இருந்தது. கிறித்தவ வேதத்தைக் கற்றேயாக வேண்டும். பலர் ஞானஸ்நானமும் பெற்றனர். அமெரிக்காவிலிருந்து பணம் உதவியவர்களின் பெயர்கள் மாணாக்கர்க்குச் சூட்டப்பட்டன. ஊரிலே தகப்பன் இட்ட பெயர் ஒன்று, செமினரி இட்ட பெயர் ஒன்று என இரு பெயரோடு வெளிவந்தவர் பலர்.

இந்நிலைக்கு முதன்முதல் ஒழுங்காக மறுப்புக் கூறியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். அவரும் மிசன் பாடசாலையிற் படித்து, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் என்பதை நம்மவர் பேசும்போது விரைந்து கடந்து விடுவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அது தமிழும் சைவமும் கற்பிக்கும் சாலை. ஆனால் உத்தியோகம் ஆங்கிலத்திலன்றோ இருந்தது? அதனை உணர்ந்து 1872இல் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் வண்ணார்பண்ணையிலேயே ஆரம்பித்தார். அது சில ஆண்டுகளே நிலைத்தது. ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்கும் இடத்தின் அயலிற் புதுப்பாடசாலைக்கு உதவிப்பணம் வழங்குவதில்லை என்பது அக்காலத்து அரசாங்கத்தார் கைக்கொண்ட கொள்கை. முந்தி வந்தவர் மிசனார். ஆகவே பிந்தி வந்தவர்க்கெல்லாம் கதவு அடைபட்டது. பணமின்றி அச்சாலை மூடப்பட்டது. 1879இல் நாவலர் மறைந்தபோது, சைவர்க்கென ஓர் ஆங்கிலக் கல்லூரி என்ற எண்ணம் நிறைவேறாத எண்ணமாகவே நின்றது.

அவ்வெண்ணத்தை மீண்டும் கையிலெடுத்தவர் யார் என்று பார்த்தால் வியப்பே மேலிடுகின்றது. அவர் பெயர் வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை. பெயரின் முற்பாதி செமினரி தந்தது; பிற்பாதி வீட்டார் தந்தது. வட்டுக்கோட்டையிற் கற்று அங்கேயே கற்பித்தவர். கணிதத்திலும் தருக்கத்திலும் வல்லவர். மேனாட்டுத் தருக்கத்தைத் தமிழிலே தந்த ‘நியாய இலக்கணம்’ என்ற நூலை 1850இல் வெளியிட்டவர். மிசனாரிடம் நெடுங்காலம் உழைத்த இப்பெரியாரே 1880களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணப் பட்டினத்திற் சுதேசிகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். இந்துக் கல்லூரியின் வித்து அதுவே. பாதிரிமாரை எதிர்த்து எழுந்த கல்லூரி என்று நாம் மேடைகளிற் சொல்லி வருகின்றோம். சொல்லுக, ஆனால் அதன் முதல் உபாத்தியாயர் பாதிரிமார் வளர்த்தெடுத்த பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். அதனாற் கல்லூரிக்குச் சிறுமை ஏதுமில்லை. தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்துக்கொண்டு திரும்பி வந்த மனிதர் ஒருவரின் கையாலே அது தொடங்கியது.

சிதம்பரப்பிள்ளைக்குப் பின் 1889இல் அப்பாடசாலை அப்புக்காத்து நாகலிங்கம் அவர்களின் பொறுப்பில் வந்தது. அவர் அதனை வண்ணார்பண்ணைக்குக் கொணர்ந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை புதிதாக எழுந்திருந்தது. 1888இல் நிறுவப்பெற்ற அச்சபை, மறு ஆண்டிலேயே ‘இந்து சாதனம்’ என்னும் பத்திரிகையை வெளியிடத் தொடங்கியது. பத்திரிகைக்கு அடுத்ததாக அச்சபை கைவைத்தது பாடசாலையில். நாகலிங்கம் அவர்களின் பாடசாலையைச் சபை ஏற்றுக்கொண்டது. 1890ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, இன்று கல்லூரி நிற்கும் இடத்தில், இந்து உயர்தரப் பாடசாலை என்ற பெயரோடு அது திறக்கப்பட்டது. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு பாடசாலை இத்தனை கையும் இடமும் பெயரும் மாறியதைக் காணும்போது, அதனை நடத்தினோர் பட்ட பாடு ஒருவாறு விளங்கும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்நாளில் வண்ணார்பண்ணை பட்டினத்தின் புறப்பகுதியாகவே கருதப்பட்டது. கோட்டையும் கச்சேரியும் பாதிரிமாரின் பெரிய கட்டடங்களும் தெற்கிலும் கிழக்கிலும் இருந்தன. வண்ணார்பண்ணையிலோ வைத்தீசுவரன் கோயிலாகிய சிவன் கோயிலும், அதனைச் சூழ்ந்த செட்டிமாரின் கடைகளும், நாவலரின் வித்தியாசாலையும் அச்சுக்கூடமும் இருந்தன. உத்தியோகப் பட்டினம் ஒன்று. வணிகரும் கோயிலும் சேர்ந்த சைவப் பட்டினம் மற்றொன்று. ஆங்கிலக் கல்வியை முதற் பட்டினத்திலிருந்து தூக்கி இரண்டாம் பட்டினத்தில் வைத்ததே இக்கல்லூரியின் முதல் வெற்றி என்று நாம் கருதுகின்றோம். ஆங்கிலம் படிக்கக் கோயில் வீதியை விட்டுப் போகவேண்டியதில்லை என்று ஊரவர் அன்று கண்டனர். பின்னர் பட்டினம் வடக்கே பரந்து வந்து கல்லூரியைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1949இல் மாநகர சபை ஏற்பட்டபோது வண்ணார்பண்ணை நகரின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பணத்துக்கு என்ன வழி? மிசனார்க்கு இலண்டனும் பொஸ்ரனும் இருந்தன. சைவர்க்கு இருந்தவை அப்புக்காத்துமார், பிறக்கிறாசிமார், வணிகர், நிலபுலமுள்ள ஊர்ப்பெரியோர் ஆகியோரின் கைகளே. நாவலர் வீடுதோறும் பிடியரிசி கேட்டு வித்தியாசாலையை நடத்தினார் என்பர். அந்தப் பழக்கத்தின் வழிவந்தவர்களே கல்லூரி நன்கொடைப் பட்டியலிலும் கையெழுத்திட்டவர்கள். பின்னர் மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கப் போன யாழ்ப்பாணத்தார் அனுப்பிய காசு, கோயில்களைப் போலவே பாடசாலைகளையும் வளர்த்தது. வெற்றிலை பாக்கோடு வீட்டுப் படியேறிய சபையாருக்கு எத்தனை வீட்டில் நாற்காலி கிடைத்தது, எத்தனை வீட்டில் நாய் குரைத்தது என்பதை எழுதிவைத்தார் இலர்.

1895இற் பாடசாலை கல்கத்தாச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்று இந்துக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. இலங்கையிற் சர்வகலாசாலை இல்லாத காலம் அது. 1921இற் கொழும்பில் யூனிவர்சிற்றிக் கல்லூரி திறக்கப்படும் வரை, உயர்கல்வி நாடியவன் கடல் கடந்த ஓர் ஊரின் பரீட்சைக்கே இருக்க வேண்டியவனானான். வண்ணார்பண்ணைப் பையன் ஒருவன் வங்காளத்தார் வகுத்த பாடத்திட்டத்தை ஆங்கிலத்திலே மனனஞ் செய்து, கல்கத்தாவிலிருந்து வரும் முடிவை எதிர்பார்த்திருந்த காட்சியை இன்றைய மாணவர் கற்பனை செய்து பார்க்கலாம்.

வங்காளத்திலிருந்து பரீட்சை மாத்திரம் வரவில்லை. 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்காவிலிருந்து மீண்ட சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்தார். பட்டினத்திலிருந்து தீவர்த்தி வெளிச்சத்திலே ஊர்வலமாக அழைத்துவரப்பட்ட சுவாமிகளுக்கு வரவேற்பு நடந்த இடம் இந்துக் கல்லூரி வளவு. அங்கிட்ட பந்தலிலே வேதாந்தத்தைப் பற்றி அவர் நீண்டதொரு சொற்பொழிவாற்றினார். சைவசித்தாந்தமே உயிர் எனக் கொண்ட ஊரிலே வேதாந்தம் பேசினார். ஊரவர் பொறுமையோடும் பெருமையோடும் கேட்டனர். அவர் பேசியதும் ஆங்கிலத்திலேயே. திறந்து ஏழாண்டும் நிரம்பாத ஒரு கல்லூரிக்கு இதனினும் பெரிய திறப்பு விழா வேறு வேண்டுமோ?

கல்லூரியின் ஆரம்ப காலத்தை உருவாக்கிய அதிபர் நெவின்ஸ் செல்வத்துரை அவர்கள். இவர் முன்னர்க் கூறிய சிதம்பரப்பிள்ளையின் மைந்தர். தந்தை விதைத்ததை மகன் நீர்வார்த்து வளர்த்தார். இடையிற் சிலகாலம் விலகியிருந்தும், மீண்டும் வந்து பொறுப்பேற்றார். அவர்க்குப் பின் வந்தோருள் அ. குமாரசாமி அவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தைக் கடந்து 1950களின் தொடக்கம் வரை அதிபராயிருந்தவர். கல்லூரியின் பெரிய மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கல்லூரியை நடத்திய சபையார் தம் கல்லூரியோடு நின்றுவிடவில்லை. வட்டுக்கோட்டை, காரைநகர், உரும்பிராய், சாவகச்சேரி, கொக்குவில் ஆகிய ஊர்களின் இந்துக் கல்லூரிகளும் அச்சபையின் ஆதரவில் வளர்ந்தன. அமெரிக்க மிசனாரின் தலைநிலையமாகிய வட்டுக்கோட்டையிலேயே ஓர் இந்துக் கல்லூரி என்றால், அதற்குப் பொருள் விளக்க வேண்டியதில்லை.

இனிக் கல்லூரியின் அன்றாட வாழ்வைப் பார்ப்போம். இங்கேதான் எம் முதல் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. காலையில் மணி; கூட்டுப் பிரார்த்தனை; வகுப்பு; மாலையில் விளையாட்டு; ஆண்டுதோறும் இல்லங்களுக்கிடையே மெய்வன்மைப் போட்டி; பெரியார் ஒருவர் தலைமையிற் பரிசளிப்பு விழா; அதிபரின் நீண்ட அறிக்கை; மாணவ முதல்வர்; சாரணர்; நீலமும் வெள்ளையுமான கல்லூரி நிறம்; பழைய மாணவர் சங்கம். இவை அனைத்தும் இங்கிலாந்துப் பொதுப் பாடசாலைகளிலிருந்து பாதிரிமார் கைவழியாக யாழ்ப்பாணம் வந்தவை. நாம் படித்த மிசன் பாடசாலையிலும் இதே மணி, இதே வரிசை, இதே அறிக்கை. கண்ணைக் கட்டி எம்மை இந்துக் கல்லூரியின் விளையாட்டுப் போட்டியிற் கொண்டுபோய் விட்டிருந்தால், சத்தத்தைக் கொண்டு வேற்றுமை கண்டிருக்க மாட்டோம்.

கட்டை அவிழ்த்தால் வேற்றுமை தெரியும். பிரார்த்தனையிலே திருமுறை ஒலிக்கின்றது. வளவிலே சிவஞான வைரவர் கோயில் கொண்டிருக்கிறார்; பரீட்சைக் காலத்தில் அவர் வாசலில் தேங்காய்க்குக் குறைவில்லை. நவராத்திரியிற் சரசுவதி பூசை. நாயன்மாரின் குருபூசை. இல்லங்களின் பெயரைக் கேளுங்கள்: நாகலிங்கம், செல்வத்துரை, சபாபதி, காசிப்பிள்ளை, பசுபதி. ஒருவர் அப்புக்காத்து, ஒருவர் அதிபர், ஒருவர் ‘இந்து சாதனம்’ நடத்திய பத்திராசிரியர். தேசாதிபதி ஒருவரின் பெயருமில்லை. பாதிரியார் ஒருவரின் பெயருமில்லை. ஏட்டின் கோடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றின்மேல் எழுதியது ஊரவர்.

விடுதிச்சாலையைப் பற்றிச் சொல்லாமற் போகலாகாது. 1905இற் கொழும்புக்குப் புகையிரதப் பாதை திறந்த பின்னர்த் தூரத்துப் பிள்ளைகளும் யாழ்ப்பாணம் வந்து படிப்பது எளிதாயிற்று. தீவகத்திலும் வன்னியிலுமிருந்து வந்த பிள்ளைக்கு இரவிலே எங்கே சோறு? சைவத் தாய் ஒருத்திக்குப் பாடத்திட்டத்தைப் பற்றிய கவலை இல்லை. பிள்ளை எந்த அடுப்பிற் சமைத்ததை உண்கிறான் என்பதே கவலை. மதமாற்றத்தைப் பற்றி மேடையிலே ஆயிரம் வாதம் செய்யலாம். மரக்கறிச் சோறும் வெள்ளிக்கிழமை விரதமும் உள்ள ஒரு விடுதி, அவ்வாதங்களெல்லாம் செய்யாத வேலையைச் செய்தது.

ஆனால் ‘ஊரவர் கட்டிய கல்லூரி’ என்று மேலே எழுதினோம். ஊரவர் என்றால் யார்? இவ்வினாவைப் பெரியோர் மன்னித்தருள வேண்டும். கேளாமற் போனால் வரலாறு எழுதியவராகோம். யாழ்ப்பாணத்தின் நன்கொடைப் பட்டியல்களிலும் வகுப்பு இடாப்புகளிலும் நெடுங்காலம் இடம்பெறாத மக்கள் இருந்தனர். சாதியாற் தாழ்த்தப்பட்ட அம்மக்களின் பிள்ளைகள் பாடசாலைகள் பலவற்றிற் சேர்க்கப்படவில்லை; சேர்க்கப்பட்ட இடங்களிலும் மற்றையோர் வாங்கில் இருக்க அவர்கள் நிலத்தில் இருந்தனர். மிசனாரும் முற்றும் தூயவரல்லர். மேல்சாதிப் பிள்ளைகள் விலகிவிடுவர் என்ற அச்சத்தால் அவர்களும் பல இடங்களில் ஊர்வழக்குக்கு இணங்கிப் போயினர். ஆயினும் அம்மக்களுக்கு முதலிற் திறந்த கதவுகளுட் பல மிசன் கதவுகளே என்பதை மறுத்தல் இயலாது. 1920களின் இறுதியில், உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் யாவர்க்கும் சம ஆசனம் அளிக்க வேண்டுமென அரசாங்கத்தார் விதித்தனர். யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிராக விண்ணப்பங்கள் எழுந்தன. பாடசாலைக் கொட்டில்கள் சில தீயிடப்பட்டன. விண்ணப்பத்திற் கையெழுத்திட்டோருட் சைவாபிமானிகள் எனத் தம்மை அழைத்துக்கொண்டவரும் இருந்தனர்.

அதே காலத்தில் மறுபுறமும் ஓர் எழுச்சி நிகழ்ந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தார், சாதியை மறுத்து, இந்து கிறித்தவர் என்ற பேதமின்றி ஒருங்கு கூடினர். 1927இல் மகாத்மா காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவர்கள் அழைப்பின்பேரிலேயே. அவ்வியக்கத்தின் தலைவர்களுட் பலர் மிசன் கல்லூரிகளிற் கற்றவரும் கற்பித்தவருமே என்பது இன்னொரு விசித்திரம். சம ஆசனத்துக்கு வாலிபர் போராடியபோது சைவப் பாடசாலை முகாமையாளர் பலர் காலங் கடத்தினர். 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரே கதவுகள் உண்மையில் அகன்றன. கட்டணம் போனதோடு, ‘கட்டணம் கட்டக் கூடியவன்’ என்ற போர்வையும் போயிற்று.

கதவு அகன்றபோது உள்ளே காற்றும் மாறியது. 1940களின் பிற்பகுதியிலிருந்து இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் மு. கார்த்திகேசன். அவர் யாழ்ப்பாணத்திற் பொதுவுடைமை இயக்கத்தை வளர்த்த முன்னோடி. மாநகர சபையிலும் அங்கம் வகித்தவர். வைரவர் கோயிலை வளவிற் கொண்ட கல்லூரியில் நாத்திகர் ஒருவர் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தார். மாணாக்கர் அவரைத் தம் அன்புக்குரிய ஆசானாகக் கொண்டாடினர். அவரிடம் பயின்று அவர் கொள்கையால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் க. கைலாசபதி. தமிழிலக்கியத் திறனாய்வில் மார்க்சிய நோக்கை நிலைநாட்டிய அப்பேராசிரியர் வண்ணார்பண்ணைப் பிரார்த்தனை மண்டபத்தில் எழுந்து நின்ற மாணவரே. சைவரைச் சைவராக வைத்திருக்கத் தொடங்கிய கல்லூரி, சைவத்தை மறுப்பவனுக்கும் இடமளிக்கும் அளவுக்கு அகன்றது அதன் தோல்வியா? தோல்வி என்று எம்மாற் கொள்ள முடியவில்லை. மிசன் பாடசாலை செய்யத் தவறியதாகச் சைவர் குறைகூறியது அதுவன்றோ: பிள்ளையை அவன் நம்பிக்கையோடு விட்டுவிடுதல்.

1960ஆம் ஆண்டின் இறுதியில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. உதவிப்பணமும் வாங்காமல், கட்டணமும் அறவிடாமல், தாமே நடத்த வல்லவர் நடத்தலாம் என்றது சட்டம். பரியோவானும் சம்பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் தனியாகவே நின்றன. இன்றும் அவ்வாறே நிற்கின்றன. மிசன் ஆட்சிக்கு மாற்றாகச் சைவர் தம் சொந்த ஆட்சியில் எழுப்பிய இந்துக் கல்லூரியோ அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. இன்று அது தேசியப் பாடசாலை. எழுபதாண்டு காலம் சபை கூடி, கணக்குப் பார்த்து, படியேறிப் பணம் சேர்த்த முகாமைக்கு அதோடு முடிவு. பழைய மாணவர் சங்கங்கள் உலகெங்கும் கிளைவிட்டு உதவி வருவதை நாம் அறிவோம். எனினும் அதிபரைத் தெரிவு செய்யும் உரிமை வேறு, கட்டடத்துக்குப் பணம் அனுப்பும் உரிமை வேறு.

பின்வந்தவை எல்லோரும் அறிந்தவை. 1970களின் தரப்படுத்தல், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஊரே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இடப்பெயர்வு, மீண்டு வந்து திறந்த வகுப்புகள். இவற்றை விரித்தெழுத இம்மலரில் இடம் போதாது. அவற்றைக் கண்ணாற் கண்ட பெரியோர் இச்சங்கத்திலேயே உளர். அவர்கள் எழுதுதலே முறை.

ஒன்றை மாத்திரம் சேர்த்து நிறுத்துவோம். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதற் தலைவராக நியமனம் பெற்றவர் மேற்கூறிய கைலாசபதி. வளாகத்துக்குக் கிடைத்த கட்டடங்கள், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இற் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக்குரியவை. அதுவும் சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த ஓர் ஆண்கள் கல்லூரியே. இன்று நாம் விரிவுரை கேட்பது அவ்வளவிலேதான். விஞ்ஞான வகுப்புகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஆகவே அவை முதற் சில ஆண்டுகள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்புக் கட்டடங்களிலே, அமெரிக்க மிசனார் செமினரி நடத்திய அதே ஊரில் நடைபெற்றன.